மல்யுத்த வீரர் வாழ்க்கையைப் படக்கதைப் புத்தகமாகப் போடுவது எப்படி: டெல்டாவிலிருந்து ஒரு வழிகாட்டி

பிரான்ஸ் மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயண்ட்டின் வாழ்க்கையைத் தமிழில் கிராஃபிக் நாவலாகக் கும்பகோணத்தில் இருந்தபடியே போட்டு முடித்தோம். எழுத்தும் ஓவியமும் கஷ்டம் என்று தெரிந்துதான் இறங்கினோம், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாடாய்ப் படுத்தியது காகித வேலைதான். யாரிடம் கையெழுத்து வாங்குவது, எந்தப் பத்திரத்தில் எழுதுவது, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் முதலிலா அட்டை முதலிலா, அச்சகத்தில் விலை கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் இருந்தால் அடுத்து இறங்குகிறவருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் தாரா சிங்கை எடுத்தாலும் அந்தக் கால மல்யுத்த வீரர் கிங் காங்கை எடுத்தாலும் வழி இதேதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், பணம் போவதெல்லாம் வரிசை மாறும் இடத்தில்தான்.

1. ஆளையும் பக்க எண்ணிக்கையையும் ஒன்றாக முடிவு செய்யுங்கள்

தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு வீரர் மனதில் இருப்பார். அந்தப் பாசம் மட்டும் போதாது. அவருடைய ஆட்டங்கள் வீடியோவாகக் கிடைக்கின்றனவா, மல்யுத்தம் நடத்தும் கம்பெனி சொன்னதைத் தவிர வேறு ஆட்கள் சொன்ன சாட்சியங்கள் இருக்கின்றனவா, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று மூன்றையும் பாருங்கள். ஆந்த்ரே 1946 மே 19ல் பிரான்ஸில் பிறந்தவர், 1993 ஜனவரியில் பாரிஸில் ஒரு ஓட்டல் அறையில் இறந்துபோனார், அதுவும் அப்பாவின் இறுதிச் சடங்குக்காகப் போயிருந்த சமயத்தில். வாழ்க்கை மூடிய ஒரு வட்டமாகக் கிடைப்பதால் கதைக்கு முடிவு தேட வேண்டியதில்லை. தாரா சிங் என்றால் 1954ல் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம், 1968ல் மும்பையில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றது, பிறகு சினிமா, தொலைக்காட்சியில் அனுமார் வேடம், மாநிலங்களவை என்று விஷயம் ஏராளம். அத்தனையையும் ஒரே புத்தகத்தில் திணித்தால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

பக்கத்தை இப்போதே ஏன் முடிவு செய்ய வேண்டும் என்றால், அச்சு ஓடுவது ஃபார்ம் கணக்கில். ஒரு ஃபார்ம் 16 பக்கம். 64, 80, 96, 112 என்று 16ன் மடங்கில் நிறுத்துங்கள். 100 பக்கம் என்று ரவுண்டாக வைத்தால் ஆறு ஃபார்முக்கு மேல் நான்கு பக்கம் தொங்கும், அந்த நான்கு பக்கத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். முதல் பக்கம், விவரப் பக்கம், கடைசியில் ஒரு காலவரிசை என்று நான்கைந்து பக்கம் கதைக்கு வெளியே போய்விடும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகத்துக்கு 96 பக்கம் நல்ல அளவு.

2. கம்பெனி சொன்ன எண்களை நம்பாதீர்கள்

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்பே பேசி வைத்தது. 1989ல் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்தக் கம்பெனியின் ஆட்களே நியூ ஜெர்ஸி செனட்டுக்கு இது கேளிக்கை என்று சொல்லிவிட்டார்கள், விளையாட்டுக்கான கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கத்தான். ஆகவே உயரம், எடை, தோல்வியே காணாத வருடங்கள், கூட்டத்தின் அளவு எல்லாமே டிக்கெட் விற்பதற்காகச் சொன்ன எண்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு இது பெரிய தலைவலி, ஒரு விதத்தில் இதுதான் ருசியும்.

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் 'அறிவித்தது', வலது பக்கம் 'நடந்தது'. ஆந்த்ரேவுக்கு எங்கள் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். அறிவித்த உயரம் 7 அடி 4 அங்குலம், பலர் அதைவிடக் குறைவு என்றே சொல்கிறார்கள், பிற்காலத்தில் முதுகு வளைந்து இன்னும் குறைந்தும் போயிருந்தார். 1987 மார்ச் 29ல் அமெரிக்காவில் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சிக்கு 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள், சுமார் 78,000தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பதினைந்து வருடம் தோற்றதே இல்லை என்று அங்கே ஹல்க் ஹோகனோடு அவர் ஆடிய ஆட்டத்துக்கு விளம்பரம் செய்தார்கள். ஆனால் 1984ல் மெக்ஸிகோவில் எல் கானெக்கிடமும் 1986ல் ஜப்பானில் அன்டோனியோ இனோகியிடமும் தோற்றிருந்தார். அவரை யாருமே தூக்கிப் போட்டதில்லை என்றார்கள், அதே ஹல்க் ஹோகன் 1980லேயே நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்.

இரண்டு பக்கத்தையும் புத்தகத்தில் காட்டலாம் என்பது என் அபிப்பிராயம். அறிவிப்பாளர் கத்துவதை ஒலிபெருக்கியிலிருந்து வரும் வசன பலூனில் போடுங்கள், கதைசொல்லியின் பெட்டியில் நடந்ததை எழுதுங்கள். வாசகர் தானாகப் புரிந்துகொள்வார், அடிக்குறிப்பு வேண்டாம்.

இன்னொரு பொறி, கேட்க அழகாக இருக்கும் கதைகள். நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் சிறுவன் ஆந்த்ரேவைத் தினமும் வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். பெக்கெட் ஆந்த்ரேவின் கிராமத்துப் பக்கம் வீடு வைத்திருந்ததும், அந்தக் குடும்பத்தோடு பழக்கம் இருந்ததும் உண்மை. எப்போதாவது ஏற்றிக்கொண்டு போனது தினசரிச் சவாரியாக ஊதிப் பெருகிவிட்டது. இதை முழுப் பக்கமாக வரைய ஓவியருக்குக் கை துறுதுறுக்கும், ஒரே ஒரு பேனலில், அதாவது ஒரு கட்டத்தில், நிறுத்தச் சொல்லுங்கள்.

நோயை எழுதும்போதும் கவனம். பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரந்ததால் வந்த உடல் அது, வயது ஏற ஏற வலியும் ஏறியது. 1986ல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெரிய ஆட்டத்தை அந்த முதுகோடுதான் ஆடினார். அறிவித்த எண்களை எல்லாம் கழித்த பிறகும் கைகூப்பத் தோன்றும் விஷயம் இது, பக்கத்தை இதற்குச் செலவு செய்யுங்கள்.

3. அனுமதி எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

எல்லோரும் பயப்படும் இடம் இதுதான். நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கே இதற்கு வழிகாட்டி. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994ல் சொன்னது, பொது ஆவணங்களில் இருப்பதை வைத்து ஒருவருடைய வாழ்க்கையை அவருடைய அனுமதி இல்லாமலே எழுதலாம், அதற்கு மேல் அந்தரங்கத்துக்குள் போனால் சம்மதம் வேண்டும் என்பதே. இறந்தவர் விஷயத்தில், ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் போட்ட வழக்கில், அந்தரங்க உரிமை வாரிசுக்குச் சொத்து மாதிரி இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் சொல்லியிருக்கிறது.

அதற்காக என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடும்படியும் குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் எழுதியிருந்தால் அவதூறு வழக்கு வரலாம். கூட ஆடியவர்கள் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களைக் குடிகாரராகவோ ஊக்கமருந்து ஊசி போட்டவராகவோ வரைவதற்கு முன் உங்கள் கையில் அச்சான சாட்சியம் இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து புகைப்படம். ஆந்த்ரேவின் கைக்குள் ஒரு பீர் டப்பா மறைந்துபோகும் படம் ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே கோட்டோவியமாக்கினால் புகைப்படக்காரரின் உரிமையைத் தொட்டதாகும். எழுபது எண்பதுகளில் எடுத்த படங்கள் பெரும்பாலும் இன்னும் பதிப்புரிமைக்குள்தான் இருக்கின்றன. நாங்கள் என்ன செய்தோம் என்றால், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவரின் கையில் காபி டபராவைக் கொடுத்துப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டோம். கட்டைவிரல் டபராவின் விளிம்பைத் தாண்டி உள்ளே மடங்கி நின்றது, நகத்தில் சாக்குத் தூசி. அந்தக் கையை இன்னும் பெரிதாக்கி ஓவியர் வரைந்த பேனல்தான் புத்தகத்திலேயே ஆளுக்கு ஆள் விரல் வைத்துக் காட்டுவது. அந்த அண்ணனுக்குக் கூலி கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் சம்மதக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கம்பெனியின் லோகோ, பெல்ட் டிசைன், நிகழ்ச்சிப் பெயரின் எழுத்து வடிவம் இவற்றை அட்டையில் போடவே கூடாது. வீரர்கள் ஆட்டத்துக்காக வைத்துக்கொண்ட பெயர்கள் பலவும் டிரேட்மார்க்காகப் பதிவானவை. இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், புத்தகங்களுக்கான வகுப்பு எண் 16. உள்ளே கதையில் பெயரைச் சொல்வது ஒன்று, அட்டையில் அதிகாரபூர்வமான பொருள் மாதிரி காட்டுவது வேறு. முழு வரைவோடு ஒரு வக்கீலிடம் ஒரு தடவை உட்கார்ந்துவிடுங்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு போனால் ஒரே சந்திப்பில், ஒரே ஃபீஸில் முடியும்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைத் தமிழில் கொண்டுவருவது என்றால் பாதையே வேறு. மூலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுத வேண்டும், முன்பணம் கேட்பார்கள், வெளிநாட்டுக்கு ராயல்டி அனுப்பும்போது வரிப் பிடித்தம் உண்டு, ஆடிட்டரின் சான்றிதழை வங்கி கேட்கும். முதல் முயற்சிக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

4. ஓவியரோடு ஒப்பந்தம், முதல் கோடு போடும் முன்

ஓவியரைத் தேடி சென்னைக்குப் போக வேண்டாம். கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்து முடித்தவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். மனித உடலை உட்காரவைத்துப் பார்த்து வரைந்து பழகிய கை அவர்களுடையது, மல்யுத்தத்துக்கு அதுதான் வேண்டும். அனிமே பாணியில் மட்டும் வரைந்து பழகியவரிடம் 230 கிலோ ஆளின் எடையைக் காட்டச் சொன்னால் பலூன் மாதிரி வரும். சோதனைக்கு இரண்டு பக்கம் வரையச் சொல்லுங்கள், ஒன்று சண்டை, இன்னொன்று சும்மா உட்கார்ந்து சாப்பிடும் காட்சி. சோதனைப் பக்கத்துக்கும் காசு கொடுங்கள், அதை ஓசியில் வாங்குவது அசிங்கம்.

நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால் புத்தகம் விற்க ஆரம்பித்த பிறகு மனஸ்தாபம் நிச்சயம். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஒப்பந்தத்தில் கால அளவு எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் சிங்கப்பூரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ யாராவது கேட்டால் மறுபடியும் கையெழுத்துக்கு அலைய வேண்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும் என்றும் ஒரு விதி உண்டு, வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. படக்கதை ஒரு வருடத்துக்குள் வெளியாவது சந்தேகம் என்பதால் இந்த வரியைக் கட்டாயம் சேருங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: புத்தகத்தின் தலைப்பு, பக்க எண்ணிக்கை, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம் கேட்கலாம், அட்டை தனிக் கணக்கா, ராயல்டி உண்டா, அசல் தாள்கள் யாருக்கு, மின்னூலும் மொழிபெயர்ப்பும் சேர்ந்ததா, பாதியில் நின்றால் அதுவரை வரைந்தது யாருடையது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். பொதுவான ஒப்பந்தத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தாள் 2024லிருந்து 200 ரூபாய். பழைய நினைப்பில் 20 ரூபாய்ப் பத்திரத்தில் அடித்துக் கொடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். இரண்டு சாட்சி, இருவருடைய ஆதார் நகல், ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து.

பணத்தை நான்காகப் பிரியுங்கள்: முழுப் புத்தகத்துக்கும் சின்னப் படமாகப் போட்ட வரைவு, பென்சில், மை, கோப்பு ஒப்படைப்பு. வரைவு முடிந்ததும் ஒரு பங்கு கொடுத்துவிட்டால் அந்தக் கட்டத்திலேயே மாற்றங்களைப் பேசி முடிக்கலாம், மை போட்ட பிறகு ஒரு பேனலை மாற்றச் சொல்வது கொலைபாதகம். எல்லாம் வங்கி வழியாகப் போகட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டால், நடுவில் தீபாவளி பொங்கல் கல்யாணம் காய்ச்சல் எல்லாம் சேர்த்து, 96 பக்கத்துக்கு ஒரு வருடத்துக்குப் பக்கமாக ஆகும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் ஓவியருக்குத்தான் போகும், போகத்தான் வேண்டும்.

5. பலூனும் எழுத்துருவும்

தமிழ் வார்த்தை நீளம். 'தூக்கிப்போட்டுவிட்டாரென்று' என்று ஒரே சொல்லாக எழுதினால் பலூன் பேனலை விழுங்கிவிடும். பென்சில் கட்டத்திலேயே பலூனுக்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள், வசனத்தை அந்த இடத்துக்குள் அடையும்படி வெட்டுங்கள். ஒரு பலூனில் பதினைந்து சொல்லுக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஒலிகளை எழுத்துருவில் போடாதீர்கள், ஓவியர் கையாலேயே வரையட்டும். மேடை விரிப்பில் விழுந்தால் 'தொம்', மார்பில் அறைந்தால் 'பொளேர்', கயிற்றில் மோதித் திரும்பினால் 'ட்ட்வாங்' என்று நாங்கள் ஒரு பட்டியலே வைத்திருந்தோம், அந்த வேலை மட்டும் படு ஜாலி.

நம் ஊர் டிடிபி சென்டர்களில் பல இன்னும் பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய எழுத்துருக் குறியீடும்தான். யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அங்கே மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போகும், 'ஸ்ரீ' காணாமல் போகும். தொடக்கம் முதல் முடிவு வரை யூனிகோடில் வையுங்கள், எழுத்தை நீங்களே பக்கத்தில் ஏற்றி பிடிஎஃப்பாக மட்டும் கொடுங்கள், எழுத்துரு அதற்குள் பொதிந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். உரிமத் தொல்லை இல்லாத எழுத்துருக்கள் கூகுள் தளத்தில் இலவசம். பேச்சுக்குக் கவிவனார் கையெழுத்து மாதிரி இருக்கும், தடித்த கத்தலுக்கு பாலூ தம்பி, கதைசொல்லியின் பெட்டிக்கு முக்த மலர்.

கறுப்பு வெள்ளைக் கோடுகளை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், வண்ணத்துக்கு 300 போதும். வெட்டும் பக்கம் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். முதுகுப் பக்கம் பலூனை ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப் பைண்டிங்கில் பாதி வசனம் மடிப்புக்குள் போய்விடும்.

6. ஐஎஸ்பிஎன், பதிப்புரிமைப் பதிவு

ஐஎஸ்பிஎன் இலவசம். புது தில்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் வந்து நிற்கும், பக்கத்தையே மூடிவிடுங்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அட்டையின் வரைவு, தலைப்புப் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சான்றுகளில் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும், ஒன்றில் இனிஷியல் முன்னாலும் ஒன்றில் அப்பா பெயர் பின்னாலும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். அட்டை வரைவு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள், எண் வராமல் பின்னட்டையில் பார்கோடு வைக்க முடியாது, அச்சுத் தேதியைக் குறித்துவிட்டு இதற்காகக் காத்திருப்பது கொடுமை.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை, எழுதி முடித்த நிமிடமே உரிமை உங்களுடையது. இருந்தாலும் பின்னால் யாராவது பிடிஎஃப்பைச் சுற்றவிட்டால் கையில் ஒரு சான்றிதழ் இருப்பது பலம். படிவம் 14, ஒரு படைப்புக்கு 500 ரூபாய், இணையத்திலேயே செய்யலாம். ஓவியர் வேறு ஆள் என்பதால் அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும், ஒப்பந்தம் போடும் அன்றே அதையும் வாங்கி வைத்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு டைரி எண் வந்த பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள், சான்றிதழ் வர அதற்கு மேல் பல மாதம் ஆகலாம். புத்தகத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

சொந்தமாக ஒரு பதிப்பகப் பெயர் வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அதுவும் இலவசம். அந்தச் சான்றோடு போனால் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்குவது சுலபம்.

7. அச்சகத்தில் விலை கேட்பது

'96 பக்கப் புத்தகம், எவ்வளவு ஆகும்?' என்று போனில் கேட்டால் வாய்க்கு வந்த விலை வரும். எழுதிக் கேளுங்கள்: அளவு, பக்கம், உள்ளே ஒரு வண்ணமா நான்கு வண்ணமா, தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), அட்டை எத்தனை ஜிஎஸ்எம், லேமினேஷன் மங்கலான மேட்டா பளபளக்கும் கிளாஸா, ஒட்டுப் பைண்டிங்கா பின்னா, எத்தனை பிரதி, வரி சேர்த்தா தனியா, பார்சல் யார் செலவு. இதே தாளை மூன்று இடத்துக்கு அனுப்பினால்தான் ஒப்பிட முடியும்.

கறுப்பு அதிகமாக வரும் ஓவியம் என்றால் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் வேண்டவே வேண்டாம், பின்பக்கத்து ஆள் முன்பக்கத்து முகத்தில் தெரிவார். 90க்கு மேல் போங்கள். அட்டை 250லிருந்து 300. மேட் லேமினேஷன் பார்க்க அழகு, கறுப்பு அட்டையில் நகக்கீறல் அப்படியே விழும், கண்காட்சியில் ஒரு வாரம் கை பட்டால் பழைய புத்தகம் போல ஆகிவிடும். முந்நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் கட்டுப்படியாகும், ஐந்நூறு ஆயிரம் என்றால் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் பிரதி கூடக் கூட ஒன்றின் விலை இறங்கும். அந்த ஆசை காட்டித்தான் ஆயிரம் போடச் சொல்வார்கள். விற்க வழி தெரியும் வரை போடாதீர்கள், கட்டிலுக்கடியில் புத்தகக் கட்டோடு படுக்க வேண்டியிருக்கும்.

அச்சான புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அச்சகத்தின் பில்லில் வரி வரும். நீங்கள் வாசகரிடம் வரி வசூலிக்காததால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அடக்க விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

மொத்தமாக ஓடும் முன் ஒரு பிரதி தைத்து அல்லது ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். எங்களுக்கு ஒரு அச்சகத்தில் வந்த மாதிரிப் பிரதியில் 33ஆம் பக்கமும் 48ஆம் பக்கமும் இடம் மாறி இருந்தன, அடிவாங்கி விழுந்தவர் எழுந்த பிறகு அடிவாங்கினார். மாதிரி கேட்டதால் பிழைத்தோம்.

8. எந்த மாதத்தில் என்ன

சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளை வெளியிட்டுவிட்டு வருடக் கடைசி வரை அதிலேயே மூழ்கிவிடும். நாம் காவிரிக் கரையில் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போகும் அதே நாள்தான், அன்றைக்கு மேல் உங்கள் ஐந்நூறு பிரதிக்கு அங்கே மரியாதை குறையும். நவம்பர், டிசம்பரில் சென்னை அச்சகங்கள் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கான புத்தகங்களில் திணறும். தேர்தல் வந்தால் போஸ்டர்தான் ராஜா. ஆகவே ஜனவரிக்குப் புத்தகம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் தொடக்கத்தில் கோப்புகள் அச்சகத்தில் இருக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நிதானமாகப் போடலாம், விலையும் பேசலாம்.

ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் புத்தகக் கட்டு வந்து இறங்குவது ஆபத்து. ஈரக் காற்றில் தாள் வளையும், அட்டை ஓரம் சுருளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வையுங்கள். கரையானுக்கு மேப்லித்தோ ரொம்பப் பிடிக்கும்.

9. வெளியான பிறகு

வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் வருடச் சட்டம்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டியின் மத்திய நூலகம், தில்லி பொது நூலகம். சொந்தமாகப் போடுகிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் 35, 40 சதவீதம் கழிவு கேட்பார்கள், விற்ற பிறகுதான் பணம். அச்சடக்கத்தைப் போல மூன்றிலிருந்து நான்கு மடங்கு விலை வைக்காவிட்டால் கைக்காசுதான் போகும். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களில் ஒரே ஒரு புத்தகத்தோடு தனி அரங்கு எடுக்காதீர்கள், தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பிரதி வைத்துக் கழிவு கொடுங்கள். தஞ்சாவூரானாலும் திருவாரூரானாலும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும் பகல் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்த டபரா பேனலைப் பிரித்து மேலே வையுங்கள். பொது நூலகத் துறையின் கொள்முதல் அறிவிப்பு வந்தால் இணையத்தில் விண்ணப்பியுங்கள், அந்தப் பணம் வரும் என்று நம்பி மட்டும் கடன் வாங்காதீர்கள்.

தபாலில் பழைய புக் போஸ்ட் இப்போது இல்லை, பதிவுத் தபாலும் 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் என்ற சேவையைக் கேளுங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி, எங்கே போகிறது என்று பார்க்கவும் முடியும், தரைவழி என்பதால் மெதுவாகப் போகும். புத்தகத்தில் பதிப்பகத்தின் அல்லது அச்சகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், விவரப் பக்கத்தை ஒழுங்காகப் போட்டிருந்தால் கவுன்ட்டரில் திறந்து காட்டிவிடலாம். காமிக்ஸ் என்று சொன்னால் சில இடங்களில் யோசிப்பார்கள், வாழ்க்கை வரலாறு என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. முனைகள் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள், மதியம் இரண்டு மணிக்கு முன் கொண்டுபோனால் அன்றைக்கே மூட்டை ஏறிவிடும்.